முப்பத்தொரு சதவீதம்

ஸுக்தீதியில் ரயில் கிளம்பியபோது
மின்கலத்தில் முப்பத்தொரு சதவீதம்.
ஜன்னலோரத்து பிளக் துளையில்
யாரோ சூயிங்கம் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
விடிந்தால் திபிலீசி.
பத்து மணிக்குப் பாலத்தைக் காட்ட வேண்டும்.

பெரிய பாலமொன்றுமில்லை.
மலைக்கிராமம் ஒன்றில்
பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிற்கும் இடத்துக்கும் நடுவே
பத்தொன்பது மீட்டர் நடைபாலம்.
ஆனால் திரையில் அதைத் திருப்பினால்
சேற்றில் இறங்கிய எருமை மாதிரி
ஒரு கால் எடுத்து வைக்கும், நிற்கும்,
யோசிக்கும், பிறகு இன்னொரு கால்.
போதாததற்கு நடுத்தூணருகே ஒரு தகடு
தூசி விழுந்த கண்ணாய்ச்
சிமிட்டிக்கொண்டே இருந்தது.

குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும்.
இந்த மடிக்கணினிக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்.
சின்னவன், செயலியோடு ஒட்டிப் பிறந்தவன்,
பொது நினைவகத்தில் ஒரு கவளம் வாங்கிக்கொண்டு
கடிதம், கணக்கு, தங்கை அனுப்பும் பூனைப் படங்கள்
எல்லாம் சத்தமில்லாமல் வரைந்து தருபவன்.
பெரியவனுக்குத் தனி நினைவகம், தனி விசிறி.
அவனுக்காகத்தான் பதினான்கு மாதம் தவணை கட்டினேன்.
அவனோ தூங்குகிறான்.

அமைப்புகளுக்குள் போனேன்.
காட்சி. அதற்குள் கிராஃபிக்ஸ். அதற்குள் ஒரு பட்டியல்.
வடிவமைப்பு மென்பொருளின் பெயருக்கு நேரே
‘கணினியே முடிவு செய்யட்டும்’ என்றிருந்தது.
மூன்று வருடமாக
என் பாலங்களையெல்லாம் யார் வரைவது என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
மின்சேமிப்பு. உயர்திறன்.
இரண்டாவதைத் தொட்டேன்.
மூடினேன், திறந்தேன்.

பெரியவன் எழுந்தான்.
எழுந்தது பெட்டி முழுக்கக் கேட்டது.
எதிர்ப் படுக்கையில்
பாலாடைக்கட்டிப் பெட்டியை அணைத்து உறங்கிய எல்குஜா
ஒரு கண்ணை மட்டும் திறந்து
“டிராக்டரா, நதேலா?” என்றார்.
“பாலம்” என்றேன்.
அந்த விளக்கம் போதும்போல, திரும்பிப் படுத்தார்.

பாலம் சுற்றியது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி.
ஆற்றுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தேன்.
கைப்பிடிக் கம்பிகளின் நிழல்கூட
வரிசை தப்பாமல் விழுந்தது.
மடி சுட்டது. இருபத்திரண்டு. பத்தொன்பது.
நடுத்தூணருகே
அந்தத் தகடு
இன்னும் சிமிட்டியது.

கிட்டே போய்ப் பார்த்தேன்.
ஒன்றில்லை, இரண்டு தகடுகள்.
ஒரே இடம், ஒரே கனம்,
ஒன்றின் உடம்புக்குள் இன்னொன்று.
எது முன்னால், எது பின்னால் என்று
சின்னவனாலும் சொல்ல முடியவில்லை,
தவணை கட்டி வாங்கியவனாலும் முடியவில்லை.
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில்
நகலெடுத்து, ஒட்டி, மறந்துபோனவள் நான்.
மூன்று வாரமாக என் எடைக் கணக்கில்
இல்லாத இரும்பு நாற்பது கிலோ
காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சின்னவன் முதல் நாளே சொல்லியிருக்கிறான்,
தனக்குத் தெரிந்த ஒரே வழியில்.
நான் அதை அவன் இயலாமை என்று குறித்துக்கொண்டேன்.

ஒரு தகட்டை அழித்தேன்.
பன்னிரண்டு.

மறுபடி பட்டியல். மின்சேமிப்பு.
மூடினேன், திறந்தேன்.
விசிறி அடங்கியதும் தண்டவாளத்தின் சத்தம்
திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
சாம்த்ரெதியாவின் மஞ்சள் விளக்குகள்
திரை மேல் நடந்து போயின.
ரிப்பேர் கடை ரேவாஸ் ஒருமுறை சொன்னான்:
இந்த மாடலில் பெரியவன் என்ன வரைந்தாலும்
சின்னவன் கைக்கு வந்துதான் திரைக்கு வரும் என்று.
அன்றைக்கு நான் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எருமை மறுபடி நடக்கத் தொடங்கியது.
ஒரு கால். யோசனை. இன்னொரு கால்.
கடைசி அளவை எழுதிச் சேமிக்கும்போது ஏழு சதவீதம்.

“நின்றுவிட்டதா உன் பாலம்?”
கண்ணைத் திறக்காமல் கேட்டார் எல்குஜா.

“நிற்கும்” என்றேன்.